லாஸ் வேகாஸ் விடுமுறையில் போக்கர் போட்டி ஆட நினைப்பவருக்கு

ஜூன் கடைசியில் மனைவியுடன் ஐந்து இரவுகள் லாஸ் வேகாஸில் தங்கப் போவதாகவும், நண்பர்கள் வீட்டில் பல ஆண்டுகளாக டெக்சாஸ் ஹோல்டெம் (கையில் இரண்டு சீட்டும், மேசை நடுவே எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டும் வைத்து ஆடும் போக்கர்) ஆடிய பழக்கம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே போக்கர் போட்டிகளில் சேரலாமா, எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும், மற்றச் சூதாட்ட மேசைகளைவிட இது மேலானதா என்பவை உங்கள் கேள்விகள். பல கோடைகளை அந்த ஊரின் போக்கர் அரங்குகளில் கழித்தவன் என்பதால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகச் சேரலாம். ஆனால் பரிசுத் தொகையைப் பார்த்துப் போட்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கட்டும் பணத்துக்கு எத்தனை மணி நேர ஆட்டம் கிடைக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். போட்டியிலிருந்து வெளியேறிய பிறகு வரும் முதல் ஒரு மணி நேரத்தில் எங்கே இருப்பீர்கள் என்பதையும் விமானம் ஏறும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். என் அனுபவத்தில் விடுமுறைப் பணம் போட்டியில் கரைவதைவிட அந்த ஒரு மணி நேரத்தில்தான் அதிகம் கரைகிறது.

உங்கள் மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ரூலெட், பிளாக்ஜாக், ஸ்லாட் இயந்திரம் ஆகியவற்றில் நீங்கள் ஆடுவது சூதாட்டக் கூடத்தை நடத்தும் விடுதிக்கு எதிராக. கணக்கு எப்போதும் அதன் பக்கமே சாய்ந்திருக்கும். இரண்டு சுழியங்கள் உள்ள ரூலெட் சக்கரத்தில் பந்தயமாக வைக்கும் ஒவ்வொரு நூறு டாலரிலும் சராசரியாக 5.26 டாலர் விடுதிக்குப் போகிறது. ஸ்ட்ரிப் எனப்படும் பெரிய சாலையோர விடுதிகளில் இப்போது பரவிவிட்ட மூன்று சுழியச் சக்கரத்தில் அது 7.69 டாலர். ஒரு சுழற்சிக்கு 25 டாலர் வைத்து, மணிக்கு நாற்பது சுழற்சி ஆடினால், நல்ல காலமும் கெட்ட காலமும் ஈடாகிப் போகும் ஒரு சராசரி மணி நேரத்தின் விலை ஏறக்குறைய 77 டாலர். போக்கரில் உங்களுக்கு எதிரே இருப்பவர்கள் உங்களைப் போலவே சீட்டைக் கையில் பொத்திப் பிடித்திருக்கும் மனிதர்கள். விடுதி இடத்தையும் சீட்டுப் பிரிக்கும் டீலரையும் கொடுத்து அதற்கான கட்டணத்தை எடுத்துக்கொள்கிறது. போட்டியாக ஆடும்போது இன்னொரு காப்பும் கிடைக்கிறது: நுழைவுக் கட்டணத்துக்கு மேல் உங்கள் பணப்பையிலிருந்து மேசைக்கு எதுவும் போகாது. உங்கள் முன்னே அடுக்கியிருக்கும் சிப்ஸ் என்ற வில்லைகள் 25,000 என்று காட்டினாலும் அதைக் கொண்டு ஒரு காப்பிகூட வாங்க முடியாது. 250 டாலர் கட்டி ஆறு மணி நேரம் ஆடித் தோற்றவர், அவ்வளவு நேரத்தை மேலே சொன்ன மூன்று சுழிய ரூலெட் மேசையில் கழித்திருந்தால் சராசரியாக ஏறக்குறைய 460 டாலர் செலவழித்திருப்பார்.

நீங்கள் போகும் காலம் மிகப் பொருத்தமான காலம். மே மாதக் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை அங்கே உலகப் போக்கர் தொடர் நடக்கிறது. 1970இல் பென்னி பினியன் தம் ஹார்ஸ்ஷூ விடுதியில் ஒரு கைப்பிடி ஆட்டக்காரர்களைக் கூட்டித் தொடங்கிய இந்தத் தொடரின் முதன்மைப் போட்டிக்கு 1972 முதல் இன்றுவரை கட்டணம் 10,000 டாலர்தான். 2003இல் டென்னசியைச் சேர்ந்த கணக்கர் கிறிஸ் மணிமேக்கர், இணையத்தில் 86 டாலர் கட்டி ஆடிய தகுதிப் போட்டியின் வழியாக அதற்குள் நுழைந்து, மற்ற 838 பேரைக் கடந்து 25 லட்சம் டாலர் வென்றார். அதன் பிறகு கூட்டம் பெருகி 2006இல் 8,773 பேரானது; 2024இல் 10,112 பேர் ஆடினார்கள். 2005 முதல் ரியோ விடுதியில் நடந்துவந்த தொடர், 2022இல் ஸ்ட்ரிப்புக்கு இடம் மாறி, இப்போது ஹார்ஸ்ஷூ (பினியனுடையது அன்று, அதே பெயருள்ள வேறு விடுதி), பாரிஸ் என்ற அடுத்தடுத்த இரு விடுதிகளில் நடக்கிறது. இந்தப் பழம்பெருமையெல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் முதன்மைப் போட்டியை உங்கள் ஐந்து இரவுகளுக்கான கனவாக வைத்துக்கொள்ளாதீர்கள். அதில் தொடக்கத்திலேயே 60,000 சிப்ஸ் தருவார்கள், கட்டாயப் பந்தயம் ஒரே அளவில் இருக்கும் ஒவ்வொரு நிலையும் இரண்டு மணி நேரம் நீளும், ஒரு நாளைக்கு ஐந்து நிலைகள் ஆடுவார்கள். போட்டி முடிய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். நன்றாக ஆடினால் திரும்பும் விமானத்தைத் தவறவிட வேண்டியிருக்கும் என்ற போட்டி விடுமுறைக்கு உகந்தது ஆகாது.

உங்களுக்கு ஏற்றவை ஒரே நாளில் அல்லது இரண்டு நாளில் முடியும் போட்டிகள். உலகத் தொடர் நடக்கும் அதே வாரங்களில் வெனீஷியன், வின், ஆர்லியன்ஸ், பழைய நகர்ப் பகுதியில் உள்ள கோல்டன் நக்கெட் ஆகிய விடுதிகளும் தத்தம் தொடர்களை நடத்துகின்றன. உலகத் தொடர் நடக்கும் அரங்கிலேயே அன்றாடச் சிறு போட்டிகளும் உண்டு. பட்டியலைப் பார்க்கும்போது எல்லோருடைய கண்ணும் ‘உறுதியளிக்கப்பட்ட பரிசு’ என்ற வரிக்கே போகும். நீங்கள் அதைத் தாண்டி மூன்று எண்களைத் தேடுங்கள்: தொடக்கத்தில் எத்தனை சிப்ஸ், ஒரு நிலை எத்தனை நிமிடம், கட்டணத்தில் எவ்வளவு பரிசுத் தொகைக்குப் போகிறது.

நிலையின் நீளம்தான் இவற்றில் முதன்மையானது. சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் முறைவைத்துப் போடும் கட்டாயப் பந்தயங்களைச் சிறிய பிளைண்ட், பெரிய பிளைண்ட் என்பார்கள்; சிறியது பெரியதில் பாதி, நிலை மாற மாற இரண்டும் உயரும். இரண்டு போட்டிகளிலும் 20,000 சிப்ஸ் தருகிறார்கள், பெரிய பிளைண்ட் 200இல் தொடங்குகிறது, ஏழாவது நிலையில் 1,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் உங்களிடம் நூறு பெரிய பிளைண்ட் இருக்கும். இடையில் எதையும் வெல்லாமலும் தோற்காமலும் இருந்தால், ஏழாவது நிலையில் அது இருபதாகச் சுருங்கிவிடும். நிலை 20 நிமிடமாக இருந்தால் இந்தச் சுருக்கம் இரண்டே மணி நேரத்தில் வரும். 40 நிமிடமாக இருந்தால் நான்கு மணி நேரம் ஆகும். இப்போது பெரும்பாலான அரங்குகளில் பெரிய பிளைண்ட் போடுபவரே மேசை முழுவதற்குமான ஆன்டி என்ற, ஒரு பெரிய பிளைண்ட் அளவுள்ள கூடுதல் கட்டாயப் பந்தயத்தையும் சேர்த்துப் போடுகிறார். ஆகவே மேசையை ஒரு சுற்று சுற்றிவரும்போது ஒவ்வொருவருக்கும் இரண்டரைப் பெரிய பிளைண்ட் செலவாகிறது. ஒன்பது பேர் உட்காரும் மேசையில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இருபது நிமிடம் பிடிக்கும். பத்துப் பெரிய பிளைண்ட் மட்டும் மிஞ்சியவர் சும்மா உட்கார்ந்திருந்தால் நான்கு சுற்றில் வெறுங்கையோடு எழுந்துவிடுவார். நடுவில் பிளைண்ட் உயர்ந்தால் அதற்கும் முன்பே. வேகமான போட்டியில் திறமையைக் காட்டச் சந்தர்ப்பமே அமையாது, எல்லோரும் ஆல்-இன், அதாவது இருக்கும் சிப்ஸ் முழுவதையும், வைத்துவிட்டுச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 30 நிமிடத்துக்குக் குறைந்த நிலைகளைக் கொண்ட போட்டியை விடுமுறையில் தொடாதீர்கள் என்பதே என் கருத்து.

கட்டணத்தைப் பொறுத்தவரை, போட்டி சிறியதாக ஆக விடுதியின் பங்கு விகிதத்தில் பெரிதாகும். 1,500 டாலர் போட்டியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விடுதிக்கும் ஊழியர்களுக்கும் போகும் என்றால், நூறு, நூற்றைம்பது டாலர் போட்டிகளில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோகூடப் போய்விடும். விளம்பரத்தாளின் அடியில் சிறிய எழுத்தில் இந்தப் பிரிவினை இருக்கும். படிக்காமல் பணம் கட்டாதீர்கள். மறு நுழைவு என்ற வசதிதான், போட்டியில் இழப்பு வரையறுக்கப்பட்டது என்று நான் மேலே சொன்னதை உடைக்கக்கூடியது. வெளியேறியவர் மீண்டும் கட்டணம் கட்டி அதே போட்டியில் உட்காரலாம் என்பதால், மூன்று முறை கட்டியவருக்கு அது 250 டாலர் போட்டியாக இராது, 750 டாலர் போட்டியாகிவிடும். மொத்தப் பயணத்துக்கும் ஒரே ஒரு மறு நுழைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு ஒதுக்குவது என்பதற்கு ஒரு சிறு கணக்கு உதவும். நூறு பேர் ஆடும் போட்டியில் பன்னிரண்டு முதல் பதினைந்து பேருக்குப் பரிசு கிடைக்கும். சராசரித் திறமை உள்ளவர் நூற்றுக்குப் பன்னிரண்டு முறை பரிசு வட்டத்துக்குள் வருவார் என்றால், ஐந்து போட்டிகள் ஆடியும் ஒன்றில்கூடப் பரிசு வாங்காமல் திரும்புவதற்கான வாய்ப்பு 53 விழுக்காடு. நூற்றுக்குப் பதினைந்து முறை வரும் கெட்டிக்காரருக்கும் அது 44 விழுக்காடு. ஆகவே ஒன்றும் வெல்லாமல் ஊர் திரும்புவது நீங்கள் மோசமாக ஆடியதற்குச் சான்று ஆகாது. பெரும்பாலும் நடக்கக்கூடியதே அதுதான். 250 டாலர் போட்டி மூன்று, மறு நுழைவு ஒன்று என ஆயிரம் டாலர் ஒதுக்குங்கள். விமானச் சீட்டுக்குக் கட்டிய பணத்தைப் போல அதைச் செலவாகிவிட்ட பணமாகவே கருத வேண்டும். அந்தத் தொகை குடும்பத்தில் வேறு எதற்காவது தேவைப்படும் என்றால் தொகையைக் குறையுங்கள். தோற்ற பணத்தைத் துரத்தும் பழக்கம் எப்போதாவது இருந்திருந்தால், இந்த ஊரையே தவிர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பதிவு செய்ய வயது 21 நிறைந்திருக்க வேண்டும்; கடவுச்சீட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், அதன் நகலை ஏற்கமாட்டார்கள். விடுதியின் இலவச உறுப்பினர் அட்டையும் வேண்டும். அதை முதல் நாள் மாலையே வாங்கி வைத்துவிட்டால் மறுநாள் வரிசையில் ஒரு மணி நேரம் மிச்சமாகும். வெளியே ஜூன் மாத வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும், உள்ளே குளிர்சாதனம் எலும்பைத் துளைக்கும். ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை இல்லாமல் ஆறு மணி நேரம் உட்கார முடியாது.

வீட்டு ஆட்டத்திலிருந்து வருபவர்களை மேசையில் தடுமாற வைப்பது சீட்டைவிட விதிமுறைகள்தான். பிளைண்ட் 500-1,000 ஆக இருக்கையில் உங்களுக்கு முன்னால் ஒருவர் பந்தயத்தை 2,500 என்று உயர்த்தி ரெய்ஸ் செய்கிறார்; உங்கள் கையில் இரண்டு ராஜாக்கள். மகிழ்ச்சியை முகத்தில் காட்டாமல், வாயைத் திறக்காமல், 5,000 என்று எழுதிய ஒற்றைச் சிப்பை எடுத்து முன்னே வைக்கிறீர்கள். டீலர் ‘கால்’, அதாவது முன்னவர் தொகைக்கு ஈடு மட்டும், என்று அறிவித்து 2,500ஐ உங்களிடம் திருப்பித் தருவார். முன்னால் ஒருவர் பந்தயம் வைத்திருக்கையில் பேசாமல் வைத்த ஒற்றைச் சிப், அதன் மதிப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வெறும் கால் என்றே கொள்ளப்படும். பின்னால் இருக்கும் மூவர் மலிவான விலையில் ஆட்டத்துக்குள் வருவார்கள். ஐந்தாவது பொதுச் சீட்டில் அவர்களில் ஒருவருக்கு இரண்டு ஜோடி அமைந்தால் உங்கள் ராஜாக்கள் போன இடம் தெரியாது. ஆகவே கை நகரும் முன் வாயால் ‘ரெய்ஸ்’ என்று சொல்லித் தொகையையும் சொல்லிவிடுங்கள். சொன்ன சொல் உங்களைக் கட்டுப்படுத்தும், சந்தேகத்துக்கு இடம் இராது. சிப்ஸை இரண்டு தவணையாக நகர்த்துவதும் அதே போல ஏற்கப்படாது. உங்கள் இரண்டு சீட்டுகளின் மேல் எப்போதும் ஒரு சிப்பையோ நாணயத்தையோ வைத்திருங்கள். காப்பில்லாமல் கிடக்கும் சீட்டை டீலர் தவறுதலாக வாரிக்கொண்டுபோனால் அது திரும்ப வராது.

இன்னொரு விதி தமிழர்களை அடிக்கடி சிக்க வைக்கிறது. ஒரு கை, அதாவது ஒருமுறை பிரித்த சீட்டுக்கான ஆட்டம், நடந்துகொண்டிருக்கும்போது மேசையில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது. தடுப்புக்கு அப்பால் வந்து நிற்கும் மனைவியிடம், ‘ஒரு நிமிஷம் இரு, இதோ வந்துடறேன்’ என்று நீங்கள் சொல்வது சீட்டைப் பற்றிய செய்தியா இல்லையா என்று டீலருக்குத் தெரியாது. முதல் முறை எச்சரிப்பார்கள். தொடர்ந்தால் ஒரு சுற்று ஆடவிடாமல் எழுப்பி நிறுத்துவார்கள். கைப்பேசியில் வரும் அழைப்பையோ மேசையில் அமர்ந்தபடி எடுத்துப் பேசவே கூடாது. கை முடிந்ததும் எழுந்து சென்று எந்த மொழியிலும் பேசலாம்.

எந்தச் சீட்டோடு எப்போது நுழைவது என்பதை நீங்கள் ஓரளவு அறிந்திருப்பீர்கள் என்பதால் அதற்குள் நான் போகவில்லை. வீட்டு ஆட்டத்தில் ஒருபோதும் வராத ஒரு கட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பரிசு பெறுவோர் எண்ணிக்கைக்கு ஒருவர் அதிகமாக மிஞ்சியிருக்கும் வேளையை ‘பபிள்’ என்பார்கள். அப்போது எல்லா மேசைகளிலும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு கையாகவே ஆட்டம் நடக்கும். ஒரு மேசையில் கை முடிந்தாலும் மற்ற மேசைகள் முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை 250 டாலர் போட்டியில் 140 பேர் தொடங்கி, 17 பேருக்குப் பரிசு என்ற நிலையில் 18 பேர் மிஞ்சியிருந்தோம். பிளைண்ட் 4,000-8,000, என்னிடம் பதினான்கு பெரிய பிளைண்ட் இருந்தது. நிறையச் சிப்ஸ் வைத்திருந்த ஒருவர் ரெய்ஸ் செய்தார். எனக்கு வந்தவை இஸ்பேட் ஆசும் ஆட்டின் பத்தும். சாதாரண நேரத்தில் அதை ஆல்-இன் வைக்க எனக்குத் தயக்கம் இருந்திராது. ஆனால் எனக்கு நேரெதிரே இருந்த முதியவரிடம் 20,000தான் மிச்சம். அடுத்த கையில் பெரிய பிளைண்டும் ஆன்டியும் அவர் முறை, 16,000 அதிலேயே போய்விடும். நான் சீட்டைக் கைவிட்டு ஃபோல்டு செய்தேன். அடுத்த கையில் அவர் ராஜாவும் ஐந்தும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நடுவே தள்ளினார்; எதிராளியிடம் ஒன்பது ஜோடி, பொதுச் சீட்டுகளில் ஒன்றும் மாறவில்லை. மேசை முழுவதும் கை தட்டியது. அவர் எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு நடந்துபோனார். எங்களில் மிகக் குறைவான சிப்ஸ் வைத்திருந்தவருக்குக்கூட 450 டாலர் உறுதியாயிற்று. அந்தக் கட்டத்தில் கூடுதலாக வெல்லும் சிப்ஸின் மதிப்பு, இழக்கும் சிப்ஸின் மதிப்பைவிடக் குறைவு. வீட்டு ஆட்டத்தில் ஒரு ரூபாய் எப்போதும் ஒரு ரூபாய்தான் என்பதால் இந்த உணர்வு இயல்பாக வராது. மனத்தில் பதித்துக்கொண்டு செல்ல வேண்டும்.

இனி, வெளியேறிய பிறகு வரும் அந்த ஒரு மணி நேரம். ஐந்து மணி நேரம் கவனத்தைக் குவித்து ஆடிவிட்டு, ஒரே ஒரு சீட்டினால் எழுந்து வரும்போது உடம்பில் இன்னும் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலான விடுதிகளில் போக்கர் அரங்கிலிருந்து அறைக்குப் போகும் வழி, ஸ்லாட் இயந்திரங்களையும் ரூலெட் மேசைகளையும் தாண்டித்தான் போகிறது. நான் போகத் தொடங்கிய காலத்தில் ஓர் இரவு பத்து மணிக்கு 200 டாலர் போட்டியில் தோற்று எழுந்தேன். அதை மீட்டுவிடலாம் என்று ரூலெட் மேசையில் நின்றவன், நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆனபோது மேலும் 600 டாலர் தோற்று அறைக்கு வந்தேன். போட்டி என்னிடம் எடுத்தது 200தான். அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: போட்டிக்குப் போகும்போது கட்டணத்தையும் சாப்பாட்டுப் பணத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மீதிப் பணத்தையும் வங்கி அட்டையையும் அறையில் உள்ள பெட்டகத்தில் பூட்டிவிடுவேன். நீங்கள் மனைவியுடன் போகிறீர்கள் என்பதால் இன்னும் நல்ல வழி இருக்கிறது. வெளியேறியதும் அவரை அழைத்துவிடுவது என்றும், இருவரும் எங்கே சாப்பிடுவது என்றும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்களுக்காகத் தடுப்பருகே நின்று காத்திருக்க வேண்டாம். அது அவருக்கும் களைப்பு, உங்கள் ஆட்டத்துக்கும் இடைஞ்சல்.

பரிசு கிடைத்தால் வரி உண்டு. இந்தியக் கடவுச்சீட்டோடு இந்தியாவில் வசிப்பவருக்குப் போக்கர் போட்டிப் பரிசில் அமெரிக்கா 30 விழுக்காடு வரி விதிக்கிறது, பெரிய பரிசென்றால் அதைப் பணம் தருமிடத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். பிரிட்டன் போன்ற சில நாட்டவருக்கு வரி உடன்படிக்கையால் விலக்கு உண்டு, இந்தியருக்கு இல்லை. மற்றப் போட்டிகளில் தோற்றதைக் கணக்குக் காட்டிக் கழிக்கவும் இந்தியாவில் வசிப்பவருக்கு இடமில்லை. பிடித்ததற்கான 1042-எஸ் படிவத்தைப் பத்திரப்படுத்துங்கள். இந்தியாவில் அந்த வருமானத்தைக் காட்டும்போது, அங்கே கட்டிய வரியை ஈடுசெய்து கேட்க அது தேவைப்படும். இந்தியாவின் அந்நியச் செலாவணி விதிகள் லாட்டரிச் சீட்டு, கால்பந்துப் பந்தயம் முதலியவற்றுக்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதைத் தடைசெய்கின்றன. ஆகவே கட்டணப் பணத்தை எந்த வழியில் கொண்டுபோவது என்பதைக் கிளம்பும் முன்பே உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் கொண்டுவந்தாலும் கொண்டுபோனாலும் அமெரிக்கச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். பரிசிலிருந்து ஊழியர்களுக்கென ஏற்கெனவே பிடித்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, இல்லையென்றால் டீலர்களுக்கு ஒரு சிறு தொகை விட்டுவிட்டு வருவது அந்த ஊர் மரியாதை.

ஐந்து இரவுகளை எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், முதல் நாளை விட்டுவிடுங்கள். இந்தியாவிலிருந்து போனவருக்கு அங்கே பகல் இரண்டு மணி என்பது உடம்புக்கு நள்ளிரவு கழிந்த நேரம், அந்தத் தூக்கத்தில் கட்டும் கட்டணம் வீண். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் பகல் பதினொரு மணிவாக்கில் தொடங்கும் போட்டிகளில் சேருங்கள். தோற்றாலும் மாலை உங்கள் இருவருக்கும் மிஞ்சும். மூன்றாவது போட்டியை நான்காம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் மாலை எந்தப் போட்டியும் வேண்டாம். இறுதி மேசைவரை போனால் இரவு இரண்டு மணி தாண்டிவிடும்; காலை விமானத்துக்குப் பெட்டி கட்ட வேண்டியவர், அந்த அவசரத்தில் நல்ல கையைக்கூட விரைந்து ஆடித் தொலைத்துவிடுவார்.